முதலில் குளியல், பிறகு சோறு, அப்புறம் தவறணை

1

கொட்டாஞ்சேனையில் ஒரு சாப்பாட்டுக்கடை. அதற்குப் பின்னால், துறைமுகத்தில் கரி சுமக்கும் பையன்கள் வரிசையாக நின்று குளிக்கிற ஒரு முற்றம். வெள்ளவத்தையில் கடற்காற்று நேரே உள்ளே வருகிற ஓட்டு வீடு. வத்தளையில் ஒரு துண்டுத் தென்னங்காணி. தூத்துக்குடியில் என் தாயார் ஓலைக்குடிசை போட்டிருந்த இடத்தில் சுண்ணாம்புச் சுவர் வைத்த வீடு. தங்கைமார் இருவருக்கும் மாதா கோயிலில் பாட்டுப் பூசையோடு கல்யாணம். மகனுக்கு இங்கிலீஷ் படிப்பு, கந்தோரில், அதாவது ஆபீசில், மின்விசிறிக்குக் கீழே நாற்காலி. இவ்வளவையும் கட்டினவன், இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட சவரிமுத்து. அதாவது நான்.

யாரும் என்னைத் தூக்கிவிடவில்லை. கப்பலின் மேல்தட்டில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தேன். இறங்கினதும் ஒரு டாக்டர், மாட்டுச் சந்தையில் பார்ப்பது போல என் கண்ணையும் பல்லையும் இழுத்துப் பார்த்தார். கரிக்கூடை சுமந்தேன். பிறகு ஒரு சாப்பாட்டுக்கடையில் பாத்திரம் கழுவினேன். பாத்திரம் கழுவின அதே கடையை விலைக்கு வாங்கினேன். இதைச் சொன்னால் பெருமை பேசுகிறான் என்பார்கள். பெருமைப்பட எனக்கு இருக்கிறது, பேசுகிறேன். இல்லாதவன் பேசினால் அல்லவா குற்றம்?

நம் ஊர்ப் பத்திரிகைக்காரர் ‘கொழும்பு வாழ்க்கையைப் பற்றி எழுதுங்கள் அண்ணாச்சி’ என்று எத்தனையோ முறை கேட்டும் நான் எழுதவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நடந்த ஒன்றுதான் என்னை எழுத உட்காரவைத்தது. எங்கள் வட்டார மதுவிலக்குச் சங்கத்தின் வருஷக் கூட்டம். சங்கத்துத் தலைவர் ஒரு பிறக்கிராசி. கோர்ட்டில் வழக்குப் பார்க்கிறவரை இங்கே அப்படிச் சொல்லுவார்கள். அவர் எழுந்து நின்று, துறைமுகத்து இளைஞர்கள் இப்போதெல்லாம் குடித்துத் தெருவில் விழுவதில்லை என்றும், அது சங்கம் செய்த பிரசங்கங்களாலும் வாங்கின சத்தியங்களாலும் உண்டான மாற்றம் என்றும் வாசித்தார். சபை கைதட்டியது. நான் எழும்பப் போனேன். என் மனைவி ரோசம்மா என் தொடையில் கிள்ளி உட்காரவைத்துவிட்டாள். எழும்பியிருந்தால் சண்டை வந்திருக்கும். உட்கார்ந்ததால் இந்தக் கட்டுரை வந்தது.

எழுத்துப் பிழை இருந்தால் பத்திரிகைக்காரர் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

2

கரி வேலை என்றால் என்னவென்று ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். கொழும்புக்கு வருகிற நீராவிக் கப்பல்களுக்கெல்லாம் இங்கேதான் கரி போடுகிறார்கள். கூடையில் அள்ளி, தலையில் வைத்து, பலகையில் ஏறி, கப்பலின் வயிற்றுக்குள் கொட்ட வேண்டும். மாலையில் இறங்கி வருகிறவனைப் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. கண்ணும் பல்லும்தான் வெள்ளை.

அந்தப் பையன்கள் சனிக்கிழமைகளில் குடித்தார்கள். நம் ஊர் உப்பளத்து ஆட்கள் குடிக்கிற குடி இல்லை அது. அங்கே பனைமரத்தடியில் உட்கார்ந்து, சுட்ட மீனைப் பிய்த்துத் தின்றுகொண்டு, ஒரு பட்டைக் கள்ளை வெயில் சாயும்வரை வைத்திருப்பார்கள். பாதி கள், பாதி கதை. இங்கே சாராயம். சாராயக் கடையைத் தவறணை என்பார்கள். உள்ளே பெஞ்சு கிடையாது, தின்ன ஒன்றும் கிடையாது. கம்பிக்கு முன்னால் நின்று வாங்கி ஒரே மூச்சில் ஊற்றிக்கொள்ள வேண்டும். இருட்டினதும் சட்டப்படி சாத்திவிடுவார்கள். அதனால் பதினெட்டும் இருபதும் வயதான பையன்கள் தவறணை சாத்துகிற நேரத்தோடு பந்தயம் ஓடினார்கள். ஒருவன் மூன்று கிளாஸ் என்றால் அடுத்தவன் நான்கு. கடைசியில் விழுகிறவன் வீரன். முதலில் விழுந்தவனை அடுத்த சனிக்கிழமைவரை ‘பால்குடி’ என்று கூப்பிடுவார்கள். அந்தப் பெயருக்குப் பயந்தே பாதிப் பேர் குடித்தார்கள்.

சங்கத்துப் பெரியவர்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் வெள்ளைத் துணி கட்டி, குடிகாரனின் ஈரல் எப்படி அழுகும் என்று விளக்குப் படம் காட்டினார்கள். இலவசம் என்பதால் பையன்கள் கூட்டமாகப் போனார்கள். ‘ஓ’ என்று கத்திக்கொண்டே பார்த்தார்கள். முடிவில் ‘இனிக் குடிக்க மாட்டேன்’ என்ற காகிதத்தில் பெருவிரலை வைத்தார்கள். விரலில் மை காயுமுன் தவறணையில் நின்றார்கள்.

இதெல்லாம் எனக்கு என்ன என்றுதான் நானும் இருந்தேன், என் அக்காள் மகன் அந்தோணி வந்து சேரும்வரை. அக்காளுக்கு அவன் ஒரே பிள்ளை. ‘உன் கையில் ஒப்படைக்கிறேன் தம்பி’ என்று சொல்லி அனுப்பினாள். நான் கரியில் தொடங்கினவன், ஆகையால் அவனையும் கரியில் தொடங்கவைத்தேன். கல்லாவில் உட்காரவைத்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்பது என் கொள்கை. இன்றைக்கும் அதுதான் என் கொள்கை.

ஒரு சனிக்கிழமை மாலை அவனை இரண்டு கூட்டாளிகள் கைவண்டியில் போட்டுத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தவறணைக்குப் பக்கத்துக் கானில், அதாவது தெருச் சாக்கடையில், தலைகுப்புற விழுந்திருக்கிறான். ரோசம்மா விளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

“ஐயோ மாதாவே! ரத்தம் எங்க இருந்து வருது எண்டே தெரியேல்லையே! முழுக்கக் கரியா இருக்கு!”

“கழுவிப் பாரு!”

“கழுவத் தண்ணி எங்க? வீட்டில ஒரு குடம்தான் கிடக்கு. தெருப் பைப்பில இன்னும் பொம்பிளையள் சண்டை பிடிச்சுக்கொண்டு நிக்கினம்.”

குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றிக் கழுவினோம். புருவத்துக்கு மேலே எலும்பு தெரிந்தது. இன்னும் ஒரு விரல் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும்.

மறுநாள் காலையில் கங்காணி ஆள் அனுப்பினார். இன்னொரு தரம் இப்படி விழுந்தால் அந்தோணியின் பேரை வெட்டிவிடுவாராம். பேர் வெட்டினால் ஊருக்குத்தான் போக வேண்டும். அந்த நாட்களில் கூலி வேலைக்கு ஆள் கப்பல் ஏறுவதை இந்திய அரசாங்கம் நிறுத்தியிருந்தது. போனவன் போனவன்தான், திரும்பி வர முடியாது. போய்ச் சேருகிறவனும் என்ன பிள்ளையாகப் போய்ச் சேருவான்? அக்காள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

3

அன்று மத்தியானம் தலையில் கட்டோடு அவன் உட்கார்ந்திருந்தான். ரோசம்மா கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

“ஏல, உனக்கு இங்க என்னல குறை?”

“ஒரு குறையும் இல்ல மாமா.”

“பின்ன எதுக்குல குடிச்சிட்டுச் சாக்கடையில விழுந்த?”

“விழணும்னு விழல. காலையில தின்ன பாண் ரொட்டியும் பிளேன் டீயும்தான் வயித்துல. ரெண்டு கிளாஸ்லயே தலை சுத்திட்டு.”

“ஏன், சோறு திங்கதுக்கென்ன? மாமன் சோத்துக்கடை வச்சிருக்கேன். ஊரே வந்து திங்குது, உனக்கு மட்டும் வழி தெரியலயோ?”

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

“உங்க கடைக்கா? கரியோட வந்தா உங்க ஆளு வாசல்லயே கையை நீட்டி மறிக்கான். ‘குளிச்சிட்டு வா’ங்கான். குளிக்கப் பைப்புக்குப் போனா பொம்பளையாளுக குடத்தோட நிக்காவ. அவங்க முன்னால துண்டைக் கட்டிட்டு நிக்கவா? அவங்க போயி எனக்குத் தண்ணி கிடைக்கதுக்குள்ள தவறணைய சாத்திருவான். அதான் முதல்ல அங்க போயிருதோம். கரியோட போனா காலைப் பாக்காம உள்ள விடுத ஒரே ஆளு அவன்தான் மாமா.”

ரோசம்மா கஞ்சி ஆற்றுவதை நிறுத்தினாள்.

“கேட்டீங்களோ? உங்கட ஆளை விட தவறணைக்காரனுக்கு மரியாதை தெரியுது.”

“நீ சும்மா இரு.”

“நான் சும்மா இருந்தா? வர்ற சனிக்கிழமையும் கைவண்டி வரும். வாசல்ல நிண்டு நீங்களே இறக்குங்கோ.”

கரியோடு வருகிறவனை உள்ளே விடாதது என் கடைச் சட்டம் மட்டும் அல்ல. அந்தத் தெருவில் எல்லாக் கடைக்கும் அதுதான். கந்தோர் பிள்ளைகள் வெள்ளை உடுப்போடு வந்து உட்காருகிற பெஞ்சில் கரி ஒட்டினால் மறுநாள் ஒருவனும் வரமாட்டான். சாப்பாட்டுக்கடை நடத்தினவனுக்கு இது தெரியும். ஆனால் அந்தப் பையன் சொன்னதில் எனக்கு உறைத்தது வேறு. ஒரு கட்டுமஸ்தான ஆள், நாள் முழுக்க வேலை செய்து, பசித்து, அழுக்காகி வெளியே வருகிறான். அவன் எதிரே கொட்டாஞ்சேனை முழுவதும் கதவு சாத்தியிருக்கிறது. ஒரு கதவுதான் திறந்திருக்கிறது. சங்கத்துப் பெரியவர்கள் அந்த ஒரு கதவையும் சாத்தப் பார்த்தார்கள். இன்னொரு கதவைத் திறக்க வேண்டும் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இரண்டாம் வகுப்புக்காரனுக்குத் தோன்றியது.

4

கடைக்குப் பின்னால் விறகு அடுக்கி வைத்திருந்த முற்றத்தைக் காலி செய்தேன். சுற்றித் தகரம் அடித்தேன். வேண்டியது தண்ணீர் ஒன்றுதான். கிணறு வெட்டிப் பார்த்தேன். துறைமுகத்துப் பக்கம் உவர்த் தண்ணீர், சவர்க்காரம் நுரைக்கவில்லை. ஊரில் கடலில் இறங்கி எழுந்தால் குளித்த மாதிரி. இங்கே துறைமுகத்துக் கடலில் இறங்கினால் எண்ணெய் பூசிக்கொண்டு எழும்ப வேண்டும். ஆகவே முனிசிபல் குழாய்தான் வழி.

முனிசிபல் கந்தோருக்கு மகன் ஜோசப்பையும் கூட்டிக்கொண்டு போனேன். அப்போது அவன் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்பு. என்னோடு தெருவில் நடக்க வெட்கப்பட்டு இரண்டடி பின்னால் வருவான். அந்தக் கந்தோரில் ஒருவர் இன்னொரு மேசைக்கு அனுப்புவார், அங்கிருந்து மாடிக்கு, மாடியிலிருந்து மறுபடி கீழே. சமையலுக்கு என்றால் குழாய் கேட்கலாம், குளிப்பதற்கு என்று குழாய் கொடுக்கச் சட்டத்தில் இடம் இல்லை என்றார்கள். கடைசியில் ஒரு சிங்கள இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்றேன்.

என் சிங்களம் கப்பலடி மாட்டுவண்டிக்காரர்களிடம் கற்றது. அதில் ‘நீ’ என்பதற்கு ‘உம்ப’ என்ற ஒரு சொல்தான் எனக்குத் தெரியும். வண்டிக்காரர்கள் ஒருவரை ஒருவர் அப்படித்தான் கூப்பிடுவார்கள், மாட்டையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கழுத்துப்பட்டி கட்டியிருந்த இன்ஸ்பெக்டரை நான் மூச்சுக்கு ஒரு ‘உம்ப’ போட்டு விசாரித்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். பக்கத்து மேசைக்காரர் வாயில் கைக்குட்டையைத் திணித்துக்கொண்டார்.

“டாடி! மாத்தயா எண்டு சொல்லுங்கோ, மாத்தயா!” என்று ஜோசப் என் சட்டையை இழுத்தான்.

மாத்தயா என்றால் ஐயா. அதற்குப் பிறகு நான் மூச்சுக்கு ஒரு மாத்தயா போட்டேன். இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார்.

“முதலாளி, தமிழ்லயே சொல்லுங்க. உங்க சிங்களம் கேட்டா எனக்குப் பயமா இருக்கு.”

சொன்னேன். கடைசிவரை கேட்டார். நல்ல மனிதர்.

“குழாய் தரப் பார்க்கலாம். ஆனா இந்தக் கரித்தண்ணி எங்க போறது? கானுக்குள்ள விட்டா அடைச்சிரும். மழைக்குத் தெரு முழுக்கக் கரி வெள்ளம். அப்ப என்னைத்தானே ஏசுவாங்க?”

அதற்குப் பதில் எனக்குத் தூத்துக்குடியில் இருந்து வந்தது. உப்பளத்தில் கடல் தண்ணீரை ஒரே பாத்தியில் வைப்பது இல்லையே. பாத்திக்குப் பாத்தி மாற்றி, கசடு ஒன்றில் தங்க, தெளிவு அடுத்ததுக்குப் போகும். அதே மாதிரி முற்றத்து ஓரத்தில் ஒன்றுக்குக் கீழே ஒன்றாகச் சிமெந்துப் பாத்திகள் கட்டினேன். குளித்த தண்ணீர் முதல் பாத்தியில் கறுப்பாக இறங்கி, கடைசியில் கஞ்சித் தண்ணீர் நிறத்தில் கானுக்குப் போனது. இன்ஸ்பெக்டர் வந்து குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“முதலாளி என்ஜினியர் படிச்சதா?”

“இல்ல மாத்தயா. உப்பு அள்ளினது.”

குழாய் வந்தது.

பாத்தியில் படிகிற கரியை வாரிச் சாணம் சேர்த்து உருட்டிக் காயவைத்தோம். தேநீர்த் தண்ணீர் கொதிக்க அது காணும். பையன்கள் உடம்பிலிருந்து கழுவின கரியில் அவர்களுக்கே தேநீர் போட்டவன் இந்தக் கொழும்பில் வேறு யாராவது உண்டா? இருந்தால் பெயர் சொல்லட்டும்.

கரி வெறும் சவர்க்காரத்துக்குப் போகாது என்று முதலில் சொன்னவள் ரோசம்மா. அவள் கொழும்பிலேயே பிறந்தவள், அவளுடைய அப்பாவும் துறைமுகத்து ஆள். முதலில் தேங்காய் எண்ணெய், பிறகு தேங்காய்த் தும்பால் தேய்ப்பு, அதற்குப் பிறகு சவர்க்காரம். வாசலில் எண்ணெய்ப் போத்தலைக் கட்டித் தொங்கவிட்டவள் அவள்தான்.

5

முற்றம் திறந்த முதல் சனிக்கிழமை, பிறக்கிராசி ஐயா ஒரு மேசையும் சத்தியக் காகிதமும் கொண்டு வந்து முற்றத்து வாசலில் போட்டார். குளிக்கிறவன் முதலில் பெருவிரல் வைக்கட்டும் என்றார். பெரிய மனிதர், மறுக்க முடியவில்லை. பையன்கள் வாசல்வரை வந்தார்கள், மேசையைப் பார்த்தார்கள், திரும்பினார்கள். அன்று என் தண்ணீர் சும்மா ஓடியது. வைத்த சோறு மிஞ்சியது. தவறணையில் நின்றவர்களுக்கு அது நல்ல வேடிக்கை.

“சவரி முதலாளி பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பவுடர் போடுறாராம்டா!”

“போங்கடா பால்குடிகளா, தொட்டில் கட்டி வச்சிருக்கார்!”

அடுத்த சனிக்கிழமை மேசை மறுபடி வந்தது. நானே அதை இரண்டு கையாலும் தூக்கி நடுத்தெருவில் வைத்தேன்.

“சவரிமுத்து, நீர் என்ன செய்கிறீர்?”

“மேசையைத் தூக்குறேன் ஐயா. நல்ல கனமான மரம்.”

“சத்தியம் வாங்காமல் விட்டால் இவன்கள் குளித்து உடுத்துக்கொண்டு நேரே தவறணைக்குத்தான் போவான்கள்!”

“போகட்டும் ஐயா. ஆனா சோறு தின்னுட்டுப் போகட்டும்.”

“நீர் குடிக்கு உதவி செய்கிறீர்.”

“குடிக்கிறவன் நடந்து வீட்டுக்குப் போக உதவி செய்றேன். அதுக்கு உங்க சங்கத்துல பேர் இருந்தா போட்டுக்குங்க.”

அவர் குடையை விரித்துக்கொண்டு போனார். மேசையைப் பிறகு ஆள் வந்து தூக்கிப் போனார்கள்.

அன்று நான் இன்னொன்றும் செய்தேன். எல்லாச் சாப்பாட்டுக்கடையிலும் இரவுச் சோற்றுக்கு உலை வைப்பது பொழுது இருண்ட பிறகுதான். கந்தோர் பிள்ளைகள் அப்போதுதான் வருவார்கள். நான் துறைமுகத்தில் வேலை முடிந்து சங்கு ஊதும் நேரத்துக்கே சோற்றை வடிக்கச் சொன்னேன். சூரை மீன் குழம்பைக் கொதிக்கக் கொதிக்கத் தாளித்து, பின்கதவைத் திறந்து வைத்தேன். நான் செய்த பிரசங்கம் அவ்வளவுதான். வாசம் தெருமுனைவரை போய் ஆளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தது.

ஒரு கூட்டம் வந்து வாசலில் தயங்கி நின்றது.

“முதலாளி, சத்தியம் இல்லையா?”

“சத்தியம் இல்ல. சூரைக் குழம்புதான் இருக்கு.”

குளித்தார்கள், தின்றார்கள், சட்டை போட்டுக்கொண்டு தவறணைக்குப் போனார்கள். மறுநாள் அவர்களில் ஒருவன் என்னிடம் சண்டைக்கு வந்தான்.

“என்ன முதலாளி சோறு இது? ஒரு கிளாஸுக்கு மேல வயித்தில இடமில்ல. நல்ல சனிக்கிழமை வீணாப் போச்சு!”

அந்த வார்த்தையைப் போல ஒரு பாராட்டு எனக்கு வேறு கிடைத்ததில்லை.

ஆனால் அந்தோணி வரவில்லை. மாமன் முற்றத்தில் மாமன் சவர்க்காரம் போட்டுக் குளித்தால் கூட்டாளிகள் பரிகாசம் செய்வார்கள் என்று அவனுக்கு மானம். மற்ற வீட்டுப் பிள்ளைகளெல்லாம் என் சோற்றைத் தின்று நேராக நடந்தார்கள். எவனுக்காகக் கட்டினேனோ அவன் மட்டும் கரியோடு, வெறும் வயிற்றோடு தவறணையில் நின்றான். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் கைவண்டிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டே பரிமாறினேன். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வரமாட்டான், எங்கள் குடும்பத்து ரத்தம் அப்படி.

பிறகு ஒரு சனிக்கிழமை, வெளிச்சம் இருக்கும்போதே, முற்றத்து வாசலில் வந்து நின்றான்.

“தண்ணி இருக்கா?”

“இருக்கு. ஏன், தவறணை சாத்திட்டானா?”

“தொறந்துதான் இருக்கு.” பிறகு கொட்டினான். “எல்லாவனும் வெள்ளைச் சட்டை போட்டுட்டு நிக்கான் மாமா. நான் ஒருத்தன்தான் கரி. ஒருத்தன் என்னயப் பாத்து, ‘தள்ளி நில்லுல, சட்டையில படுது’ங்கான். தவறணைக்குள்ள மாமா! தவறணைக்குள்ள என்னயத் தள்ளி நிக்கச் சொல்லுதான்!”

ரோசம்மா அடுப்படியில் இருந்து வாய்விட்டுச் சிரித்தாள். எண்ணெய்ப் போத்தலை அவிழ்த்து அவன் கையில் கொடுத்தாள்.

“முதுகுக்கு எட்டாது, ஆரையும் தேய்ச்சுவிடச் சொல்லு. காதுக்குப் பின்னாலயும் தேய், மருமகனே.”

இலையில் சோற்றைக் குவித்தேன். மறுசோறு கேட்டான், போட்டேன். அன்று அவன் திரும்பிப் போகவில்லை, சாப்பிட்ட களைப்பில் பெஞ்சிலேயே தூங்கிவிட்டான். அதற்கு அடுத்த சனிக்கிழமை போனான். ஒரு கிளாஸ் குடித்தான், நடந்து வந்தான். இன்றைக்கும் சனிக்கிழமை ஒரு கிளாஸ் உண்டு. அக்காள் இதை யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்டால் கோபிக்க வேண்டாம். உள்ளதைச் சொல்கிறேன். நான் குடியை ஒழித்தேன் என்று எங்கேயும் சொன்னதில்லை. குடித்து விழுவதை ஒழித்தேன். மற்றதைச் சங்கம் ஒழிக்கட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை.

6

குடித்து விழுவது கூலிக்காரப் பிள்ளைகளின் வியாதி என்று யாரும் நினைக்க வேண்டாம். ஜோசப் இப்போது வெள்ளவத்தை வீட்டில் இருக்கிறான். அவன் மனைவி நல்ல பெண், ஆனால் இருவரும் வீட்டில் இங்கிலீஷ்தான் கதைக்கிறார்கள். பேரன் ஆயாவோடு சிங்களம், தகப்பனோடு இங்கிலீஷ், என்னோடு கையசைப்பு. போன நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, முன் ஜோசப்புக்குப் பதவி உயர்வு. கந்தோர் நண்பர்களுக்கு விருந்து வைத்தான்.

போய்ப் பார்த்தால், அதே தவறணைதான். கம்பி இல்லை, மேசைவிரிப்பு இருக்கிறது. கறுப்புக் கோட்டுப் பிள்ளைகள் விஸ்கியை வெறும் வயிற்றில் ஊற்றி, யார் முதலில் தள்ளாடுகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரிய இடத்துப் பிள்ளை குரோட்டன் செடியைக் கட்டிப்பிடித்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். யார் வீட்டுப் பிள்ளை என்று எனக்குத் தெரியும், எழுத மாட்டேன்.

“சாப்பாடு எங்கடா?”

“ஒன்பது மணிக்குத்தான் டாடி. அதுதான் முறை.”

“எவன் வச்ச முறை?”

“டாடி, ப்ளீஸ். சத்தம் போடாதீங்க.”

நான் சத்தம் போடவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். ஆட்டிறைச்சிக் கறியும் இடியப்பமும் மூடி வைத்திருந்தார்கள். சட்டியோடு தூக்கிக்கொண்டு நடுக்கூடத்தில் வைத்து மூடியைத் திறந்தேன். பிறகு நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. கோட்டுக்காரன் வயிறும் கரிக்காரன் வயிறும் ஒரே வாசத்துக்குத்தான் திரும்பும். போத்தல்கள் பாதியோடு நின்றன. ஜோசப் அன்று என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் அடுத்த விருந்துக்கு அவன் அனுப்பின அழைப்பில் சாப்பாடு ஏழு மணிக்கு என்று அச்சடித்திருந்தது. இங்கிலீஷில்தான். மருமகள் வாசித்துக் காட்டினாள்.

நம் மாகாணத்திலும் மதுவிலக்குச் சட்டம் வருகிறது என்று கேள்விப்படுகிறேன். வரட்டும். வெள்ளைக்காரன் இரண்டு பக்கமும் மூட்டை கட்டுகிறான், இனி சட்டம் போடப்போவது நம் ஆட்கள்தான். அவர்களிடம் ஒன்று சொல்லுங்கள். உப்பளத்துப் பிள்ளை, துறைமுகத்துப் பிள்ளை வேலை முடிந்து அழுக்கோடும் பசியோடும் வெளியே வரும்போது எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று முதலில் போய்ப் பாருங்கள். கதவு இல்லாத இடத்தில் பூட்டு மட்டும் செய்து என்ன பயன்? சத்தியம் வாங்க மேசை போடுகிற இடத்தில் ஒரு அடுப்பைப் போடுங்கள்.

7

அந்தோணி இப்போது அதே கரிக் கூட்டத்துக்குக் கங்காணி. அவன் பேரை வெட்டுகிறேன் என்றவர் இருந்த இடத்தில் அவன் நிற்கிறான். கொச்சிக்கடைப் பக்கத்துப் பெண்ணைக் கட்டி, ஒரு பெண் குழந்தை. போய்த் திரும்புவதற்கான காகிதங்களையெல்லாம் வாங்கிவிட்டான், அதற்கு எத்தனை கந்தோர் என்பது தனிக் கதை. அடுத்த கப்பலில் குழந்தையை அக்காளுக்குக் காட்ட வருகிறான். தூத்துக்குடியில் கூட்டமாகப் போய்ப் பாருங்கள். புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு இருக்கும், அதை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம்.

குடித்து விழுவது எப்படி நின்றது என்று நீங்கள் அவனிடம் கேட்பீர்கள். அவன், ‘என் வாயை நான் அடக்கினேன், அவ்வளவுதான்’ என்பான். போன ஞாயிறு கூட்டம் முடிந்து வந்தபோதும் என் முகத்துக்கு நேரே அதைத்தான் சொன்னான். சரி, அதில் பொய் இல்லை. கிளாஸைக் கீழே வைத்தது அவன் கைதான். ஆகவே பாதிப் பெருமை அவனுக்கு, நான் மறுக்கவில்லை.

மிச்சப் பாதிக்குக் கணக்கு இருக்கிறது. எண்ணெய்ப் போத்தலுக்கும், என் கடையின் மரியாதையைத் தவறணையோடு ஒப்பிட்டு என்னைச் சுட்டதற்கும் ரோசம்மாவுக்கு ஒரு பங்கு. என் சிங்களத்தைப் பொறுத்துக்கொண்டு குழாய் கொடுத்த இன்ஸ்பெக்டருக்கு ஒரு சின்னப் பங்கு. மீதி முழுவதும் என் பெயரில் வர வேண்டும். பிறக்கிராசி ஐயாவுக்குக் கொடுக்க இதில் ஒன்றும் மிஞ்சவில்லை. வேண்டுமானால் அவர் மேசையைப் பற்றி ஒரு வரி போட்டுக்கொள்ளட்டும்.

பத்திரிகைக்காரருக்கு ஒரு எச்சரிக்கை. ‘தருமவான்’, ‘கொடைவள்ளல்’ என்றெல்லாம் தலைப்புப் போட்டுவிடாதீர்கள். நான் தருமம் செய்யவில்லை. அந்தப் பையன்கள் குளித்து, தலை சீவி, காசு கொடுத்து, முன்பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பிச்சை போட்டிருந்தால் ஒருவனும் வந்திருக்க மாட்டான். கடைக்காரன் என்று போடுங்கள். கொட்டாஞ்சேனைச் சாப்பாட்டுக்கடை முதலாளி, தூத்துக்குடி சவரிமுத்து, கரிக்காரப் பிள்ளைகள் நடந்து வீட்டுக்குப் போகும்படி செய்தவர் என்று பெரிய எழுத்தில் போடுங்கள். என் அக்காளுக்குக் கண் மங்கல்.